பாலையில் கோதுமை விளைத்த சர் கங்காராம்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் கேட்டபோது நாம் சற்றே தயங்கினோம். கம்பனையும் வள்ளுவரையும் ஆராய்ந்து எழுதவல்ல பெரியோர் நம் காலனியில் பலர் இருக்கின்றனர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, வேகன்களுக்கும் மூட்டைகளுக்கும் கணக்கெழுதியே காலங்கழித்து வரும் நமக்கு இலக்கியம் பேசும் தகுதி ஏது? ஆயினும் மூட்டையைப் பற்றி எழுத நமக்கும் உரிமை உண்டு. ஆகவே மூட்டையிலிருந்தே தொடங்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பஞ்சாபிலுள்ள நிலையமொன்றில் நாம் பணியாற்றினோம். சித்திரை பிறந்துவிட்டால் அங்குள்ள சரக்குக் கொட்டகையில் இரவு பகல் என்ற வேறுபாடே இராது. ஒரு முழுச் சரக்கு வண்டியில் ஏறத்தாழ 2,600 டன் கோதுமை ஏறும். ஐம்பது கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் ஐம்பத்திரண்டாயிரம் மூட்டைகள். அவற்றுள் சில வண்டிகள் தமிழகத்துக்கும் புறப்படும். நெல்லையே கண்டு வளர்ந்த தஞ்சை மாவட்டத்தில் பிறந்த நாம், நம் ஊர்ப்பக்கம் செல்லும் கோதுமைக்கு இரயில்வே ரசீது எழுதியபோதெல்லாம், இத்துணைக் கோதுமையும் எவ்வாறு விளைந்தது, உழவன் தன் வீட்டுக்கென விளைத்த தானியம் கடல் கடந்து விற்கும் சரக்காக எப்போது மாறியது என்று எண்ணியதுண்டு.

அவ்வினாவுக்கு விடையின் ஒரு பகுதி நாம் நாள்தோறும் கடந்து செல்லும் இடத்திலேயே இருந்ததைப் பின்னரே அறிந்தோம். தில்லி இராஜேந்திர நகரிலுள்ள சர் கங்காராம் மருத்துவமனையை அறியாதவர் நம் காலனியில் இலர். நம்முள் சிலருடைய குழந்தைகள் பிறந்ததே அங்குத்தான். எனினும் அந்தக் கங்காராம் யார் என்று கேட்டால், யாரோ ஒரு மருத்துவர் என்பர் சிலர். யாரோ ஒரு செல்வர் என்பர் சிலர். கங்கையையும் இராமனையும் சேர்த்து இட்ட பெயர் என்று விளக்கம் கூறியவரும் உண்டு. உண்மையில் அவர் மருத்துவர் அல்லர். கட்டடமும் கால்வாயும் கட்டிய பொறியாளர். அதன்பின் கோதுமை விளைத்த உழவர். அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகல் எழுத்தரின் மைந்தர்

கங்காராம் 13-4-1851 அன்று, பஞ்சாபில் மங்டன்வாலா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. வடநாட்டில் வைசாகியும் தென்னாட்டில் சித்திரைப் பிறப்பும் வரும் நாள்கள் அவை. கோதுமை முற்றி அரிவாளுக்குக் காத்திருக்கும் காலம். தந்தையார் தௌலத்ராம் அவ்வூர்க் காவல் நிலையத்தில் சிறு அலுவலராக இருந்தார். பின்னர் அமிர்தசரசுக்குக் குடிபெயர்ந்து, நீதிமன்றத்தில் நகல் எழுதும் பணியில் அமர்ந்தார். எழுத்தர் வீட்டுப் பிள்ளை என்று அறிந்தபோது, எழுத்தராகிய நமக்குக் கங்காராமிடம் தனிப்பற்று உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்?

அமிர்தசரசில் மெட்ரிகுலேஷன் தேறிய அவர், இலாகூர் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். இளமையில் அவர் உறவினர் ஒருவரைக் காண ஒரு பொறியாளர் அலுவலகத்துக்குச் சென்றதாகவும், அறியாமல் அதிகாரியின் நாற்காலியில் அமர்ந்துவிட, ஏவலாள் அவரை எழுப்பிவிட்டதாகவும், அந்த நாற்காலிக்கு உரியவனாகவே ஆவேன் என்று அவர் அன்றே உறுதி பூண்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. நடந்ததோ, பிறர் பின்னர்ப் புனைந்ததோ, உறுதி மட்டும் நிறைவேறியது. 1871இல் உபகாரச் சம்பளம் பெற்று ரூர்க்கியிலிருந்த தாம்சன் பொறியியற் கல்லூரியில் சேர்ந்தார். 1873இல் பொற்பதக்கத்துடன் வெளிவந்தார்.

பொதுப்பணித் துறையில் சேர்ந்த அவர், 1877இல் நடைபெற்ற தில்லி தர்பாருக்கான கட்டட வேலைகளுக்கு அழைக்கப்பட்டார். பின்னர் ரிப்பன் பிரபுவின் விருப்பத்தின்படி இங்கிலாந்திலுள்ள பிராட்போர்டு நகருக்கு அனுப்பப்பட்டு, இரண்டு ஆண்டுகள் குடிநீர் வழங்கும் முறையையும் கழிவுநீர் வடிகால் முறையையும் கற்றுத் திரும்பினார். குழாய் வழியே நீரை மேட்டுக்கு ஏற்றும் கலையை நகரங்களுக்காகவே அன்று அவர் கற்றார். அக்கலை வயலுக்கும் பயன்படும் என்பது பின்னாளில் தெரிந்தது.

இலாகூரில் பன்னிரண்டு ஆண்டுகள் நிருவாகப் பொறியாளராக இருந்தார். அந்நகரின் தலைமை அஞ்சலகம், அருங்காட்சியகம், அயிச்சிசன் கல்லூரி, மேயோ கலைப்பள்ளி ஆகிய செங்கற் கட்டடங்கள் அவர் காலத்தில் அவர் மேற்பார்வையில் எழுந்தவை. புதிய இலாகூரின் தந்தை என்று அந்நகரத்தார் அவரை இன்றும் போற்றுகின்றனர். 1903ஆம் ஆண்டுத் தில்லி தர்பார் வேலைகளையும் முடித்துக் கொடுத்து, அரசினர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பாட்டியாலா சமஸ்தானம் அவரை அழைத்துத் தன் கட்டட வேலைகளை ஒப்படைத்தது. இவ்வளவோடு நின்றிருந்தாலும் அவர் பெயர் நின்றிருக்கும். அவர் நிற்கவில்லை.

கோதுமை சந்தைக்கு வந்த கதை

இங்கே கங்காராமைச் சற்று நிறுத்திவிட்டு, கோதுமையின் நிலையைக் காண்போம். அதை அறியாமல் அவர் செய்ததன் அருமை விளங்காது.

பஞ்சாபின் உழவர் பன்னெடுங்காலமாகக் கோதுமை விளைத்தவர்களே. ஆயினும் விளைந்ததில் பெரும்பகுதி வீட்டுக் குதிருக்கும் உள்ளூர்ச் சந்தைக்குமே போயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1873இல் இந்தியக் கோதுமையின் மீதிருந்த ஏற்றுமதி வரி நீக்கப்பட்டது. 1889இல் சக்கர் நகரருகே சிந்து நதியின் குறுக்கே இரயில் பாலம் அமைந்ததும், பஞ்சாபிலிருந்து கராச்சித் துறைமுகம் வரை வண்டி தடையின்றி ஓடிற்று. இலாகூரில் ஏற்றிய மூட்டை சில வாரங்களில் இலண்டனில் இறங்கும் நிலை வந்தது. கராச்சி, கோதுமை ஏற்றுமதியில் இந்நாட்டின் முதன்மையான துறைமுகமாயிற்று. இரயில் தொழிலைச் சேர்ந்த நமக்கு இதில் சிறிது பெருமையும் உண்டு.

வண்டி வந்தது, நிலம் வேண்டுமே! பஞ்சாபின் நதிகளுக்கு இடைப்பட்ட மேட்டுநிலங்களை அந்நாட்டார் ‘பார்’ என்பர். மழை குறைந்த அந்நிலங்களில் முட்செடிகளும் புதர்களுமே மண்டிக் கிடந்தன. 1892இல் செனாப் நதியின் குறுக்கே அணை கட்டிக் கால்வாய் திருப்பப்பட்டது. அக்கால்வாய் இருபது இலட்சம் ஏக்கருக்கு மேல் நீர் பாய்ச்சும் அளவுக்கு வளர்ந்தது. புதிய குடியேற்றங்கள் தோன்றின. லயால்பூர் என்னும் புதிய நகரம் கோதுமை மண்டியாகத் தழைத்தது. இன்று பைசலாபாத் எனப்படுவது அந்நகரமே. கார்த்திகையில் விதைத்துச் சித்திரையில் அறுக்கும் கோதுமை, அக்குடியேற்றங்களில் பணப்பயிராயிற்று.

பணப்பயிர் என்றால் உழவன் கையில் பணம் தங்கிவிட்டது என்று எண்ணிவிடலாகாது. நிலவரியையும் தண்ணீர் வரியையும் பணமாகவே கட்டவேண்டும். அறுவடை முடிந்த கையோடு எல்லாரும் விற்க வருவதால், விலை இறங்கியிருக்கும் வேளையிலேயே சிறு உழவன் விற்க நேரிடும். மண்டித் தரகர் தம் பங்கை எடுத்த பின்னரே எஞ்சியது அவன் கைக்கு வரும். 1907இல் குடியேற்றச் சட்டத் திருத்தத்தையும் தண்ணீர் வரி உயர்வையும் எதிர்த்து லயால்பூர்ப் பகுதி உழவர்கள் பெருங்கிளர்ச்சி செய்தனர். அச்சட்டத் திருத்தத்துக்கு வைசிராய் இசைவு மறுத்தார். கால்வாய் வருவதற்கு முன் அந்நிலங்களில் ஒட்டகமும் ஆடுமாடும் மேய்த்து வாழ்ந்த மக்கள் தம் மேய்ச்சல் நிலத்தை இழந்ததும் உண்மையே. பெருமையைக் கூறுமிடத்து இவற்றையும் கூறுவதே முறை.

நீர் ஏறாத மேடு

இக்குடியேற்றப் பகுதியில் கங்காராமுக்கும் நிலம் கிடைத்தது. புச்சியானா இரயில் நிலையத்திலிருந்து இரண்டு மைல் தொலைவில், அவர் பெயராலேயே கங்காபூர் என்னும் ஊர் தோன்றிற்று. ஆனால் அந்நிலத்தில் ஒரு குறை இருந்தது. கால்வாய் தாழ்வாகவும் வயல் மேடாகவும் இருந்தன. மடையைத் திறந்தால் நீர் தானே பாயாது. நம் ஊரில் இத்தகைய மேட்டுக்கு ஏற்றமோ கமலையோ இட்டு இறைப்போம். நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு எத்தனை ஏற்றம் இடுவது? கங்காராம் பெரிய இறைப்பு எந்திரமொன்றை வரவழைத்துக் கால்வாய் நீரை மேட்டில் ஏற்றினார்.

அந்த எந்திரத்தை நிலையத்திலிருந்து ஊருக்குக் கொண்டுசேர்க்கச் சாலை இல்லை. அதற்கு அவர் கண்ட வழி, இரயில்வேயைச் சேர்ந்த எவரையும் மகிழ்விக்கும். புச்சியானாவிலிருந்து கங்காபூர் வரை சிறிய இருப்புப்பாதை ஒன்றை இட்டு, அதன்மேல் தள்ளுவண்டியை நிறுத்தி, குதிரையைப் பூட்டி இழுக்கச் செய்தார். எந்திரம் வந்து சேர்ந்த பின்னும் பாதையைப் பெயர்க்கவில்லை. ஊர் மக்கள் அக்குதிரை இரயிலிலேயே நிலையத்துக்குச் சென்று வந்தனர். நிறுவியவர் மறைந்து, நாடு பிரிந்து, ஆட்சிகள் பல மாறிய பின்னும் பல பத்தாண்டுகள் அது ஓடிற்று. புகையில்லை, கரியில்லை, தாமதத்துக்கு விளக்கம் எழுதும் எழுத்தரும் அங்கு இல்லை!

கங்காபூரில் பெற்ற பயிற்சி, அதனினும் பெரிய முயற்சிக்கு அவரை அழைத்தது. மாண்ட்கோமரி மாவட்டத்தில் ராவி நதிக்கும் சட்லெஜ் நதிக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்துக்குக் ‘கஞ்சி பார்’ என்று பெயர். நம் கஞ்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்நாட்டு மொழியில் அது மொட்டை மேடு என்று பொருள்படும். ஆண்டுக்குப் பத்து அங்குல அளவே மழை பெய்யும் இடம் அது. 1913இல் கீழ் பாரி தோவாப் கால்வாய் திறக்கப்பட்ட பின்னும், அதன் நீர் ஏறாத மேடுகள் தரிசாகவே கிடந்தன. அவற்றுள் 50,000 ஏக்கரைக் கங்காராம் அரசினரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார்.

குத்தகை என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். நிலம் அவருடையதன்று. அதில் இடும் முதலையெல்லாம் குறித்த காலத்துக்குள் விளைச்சலிலிருந்தே மீட்கவேண்டும். மீட்காவிடில் நட்டம் முழுவதும் அவரையே சாரும். அப்போது அவர் அறுபதைக் கடந்தவர். ஓய்வூதியமும் புகழும் பெற்று வீட்டில் அமர்ந்திருக்கலாம். ஈட்டிய செல்வத்தை முட்காட்டில் கொட்ட எத்தனை பேர் துணிவர்?

அவர் துணிந்தார். சொந்தச் செலவில் ஆயிரம் மைல் நீளத்துக்கு வாய்க்கால்கள் வெட்டுவித்தார். ரெனாலா என்னுமிடத்தில் கால்வாய் நீர் சற்றே தாழ்வாக விழுந்தோடும் இடத்தைக் கண்டு, அவ்வீழ்ச்சியைக் கொண்டே ஐந்து சுழலிகளைச் சுழலச் செய்து மின்விசை எடுத்தார். அந்த மின்விசையே இறைப்பு எந்திரங்களை ஓட்டிற்று; அவ்வெந்திரங்கள் அதே கால்வாயின் நீரை மேட்டுக்கு ஏற்றின. அஃதாவது, ஓடும் நீரின் விசையே நீரின் ஒரு பகுதியைத் தூக்கிக் கொடுத்தது. கரியும் எண்ணெயும் வாங்கும் செலவு இல்லை. 1925இல் அப்புனல் மின்நிலையம் திறக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் அக்குத்தகை நிலம் பயிர்நிலமாக மாறியதென்பர். மொட்டை மேடு என்று பெயர் பெற்ற மண்ணில் பயிர் அலையடித்தது.

கங்காராம் உழவையும் கணக்கோடு செய்தார். எந்திரக் கருவிகளை வயலில் இறக்கிப் பார்த்தார். ஏக்கருக்கு இட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று பார்ப்பதே அவர் முறை. தாம் கண்டதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவுமில்லை. பஞ்சாபின் விளைச்சலைப் பெருக்கும் புதிய வழியைக் கண்டுபிடிப்போர்க்குப் பரிசளிக்கும்படி அரசினரிடம் ஒரு நிதியையும் ஒப்படைத்தார்.

விளைந்தது எங்கே சென்றது?

கோதுமையால் செல்வம் சேர்த்தவர் அக்காலத்தில் பலர். கங்காராமை அவர்களிடமிருந்து வேறுபடுத்துவது, அச்செல்வம் சென்ற வழி.

அக்காலப் பஞ்சாபிலும், ஏன், நம் ஊரிலும்கூட, இளம் வயதில் கணவனை இழந்த பெண்ணின் நிலை சொல்லுந் தரமன்று. கங்காராம் கைம்பெண் மறுமணத்துக்கெனச் சபை ஒன்றை இலாகூரில் நிறுவினார். அதன் கிளைகள் பிற மாநிலங்களிலும் பரவின. மறுமணம் விரும்பாத பெண்களுக்கென இல்லம் அமைத்து, கல்வியும் கைத்தொழிலும் கற்று ஆசிரியைகளாகத் தம் காலில் நிற்க வழி செய்தார். 1921இல் இலாகூர் நகரின் நடுவே இலவச மருந்தகம் ஒன்றைத் திறந்தார். சாதி மதம் பாராது ஏழைகளுக்கு மருத்துவம் செய்ய எழுந்த அம்மருந்தகம் பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. 1923இல் அறக்கட்டளை ஒன்றை நிறுவி, தம் கட்டடங்கள் பலவற்றின் வருவாய் என்றும் இவ்வறங்களுக்கே செல்லுமாறு எழுதிவைத்தார். தம் வீட்டையே வணிகக் கல்லூரிக்கென அளித்தார். 1922இல் அவருக்குச் ‘சர்’ பட்டம் வழங்கப்பட்டது.

1926இல் இந்திய வேளாண்மையை ஆராய அரச ஆணைக்குழு ஒன்று லின்லித்கோ பிரபுவின் தலைமையில் அமைந்தபோது, கங்காராமும் அதன் உறுப்பினரானார். அதன் பணிக்காக இலண்டன் சென்றார். 10-7-1927 அன்று அங்கேயே காலமானார். அவருடைய அஸ்தியின் ஒரு பகுதி ஹரித்துவாரத்தில் கங்கையிற் கரைக்கப்பட்டது. எஞ்சியது இலாகூரில் ராவி நதிக்கரையில் சமாதியாயிற்று. ஆணைக்குழுவின் அறிக்கை 1928இல் வந்தது. அதன் பயனாக 1929இல் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. அதைக் காண அவர் இல்லை.

பிரிந்த நாடும் பிரியாத பெயரும்

இருபது ஆண்டுகள் கழித்து நாடு பிரிந்தது. கால்வாய்க் குடியேற்றங்களின் பெரும்பகுதி பாகிஸ்தானுக்குப் போயிற்று. அம்மண்ணில் வியர்வை சிந்திய இந்துக்களும் சீக்கியர்களும் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிழக்கே வந்தனர். இங்கிருந்த முஸ்லிம்கள் மேற்கே சென்றனர். இலாகூரில் கங்காராமின் சிலையை ஒரு கூட்டம் தாக்கியதை வைத்து, உருது எழுத்தாளர் மண்ட்டோ ஒரு சிறு கதை எழுதியுள்ளார். சிலைக்குச் செருப்பு மாலை சூட்ட ஏறியவன் குண்டடிபட்டு விழ, அவனைக் கூட்டத்தார் கங்காராம் மருத்துவமனைக்கே தூக்கிச் செல்வதாகக் கதை முடிகிறது. கதைதான்; ஆனால் அதைப் படித்த இரவில் நமக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

இலாகூர் மருத்துவமனையின் பெயரை அந்நாட்டார் மாற்றவில்லை. இன்றும் அது சர் கங்காராம் மருத்துவமனையே. தில்லியில் அதே பெயரில் மற்றொன்றுக்கு 1951இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 13-4-1954 அன்று, கங்காராம் பிறந்த அதே தேதியில், அவரே அதனைத் திறந்து வைத்தார். எல்லைக்கு இருபுறமும் ஒருவர் பெயராலேயே நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கப்படுகிறது.

கோதுமையின் கதையும் அத்தோடு முடியவில்லை. கால்வாய் நிலங்களை இழந்த இந்தியா, வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்த்திருந்த காலம் ஒன்று வந்தது. அப்போது மத்திய உணவு அமைச்சராயிருந்தவர் நம் கொங்கு நாட்டுச் சி. சுப்பிரமணியம் அவர்கள். 1965இல் இந்திய உணவுக் கழகம் தோன்றியது; 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் போன்ற அறிஞர்கள் அவ்விதையை நம் மண்ணுக்கேற்பப் பண்படுத்தினர். அவ்வாராய்ச்சி நடந்த பூசா வயல்கள் கங்காராம் மருத்துவமனைக்கு அருகிலேயே இருக்கின்றன. கங்காராம் காலத்து உழவனுக்கு இல்லாத ஆதரவு விலையும் இன்றைய உழவனுக்கு உண்டு. எனினும் மேலைப் பஞ்சாபில் கால்வாய்க் கசிவால் உவர் ஏறிய நிலங்களும், கீழைப் பஞ்சாபில் ஆண்டுதோறும் தாழும் நிலத்தடி நீரும், மண்ணிடம் எடுப்பதற்கும் ஓர் அளவுண்டென நமக்கு நினைவூட்டுகின்றன.

நாம் கூற விரும்புவது

இவ்வரலாற்றை நாம் எழுத நேர்ந்த காரணத்தையும் கூறி முடிப்போம். சென்ற ஆண்டு நம் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் கங்காராம் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டிருந்தார். இரவுத் துணைக்கு நாம் சென்றிருந்தபோது, வெளித் தாழ்வாரத்தில் முதியவர் ஒருவர் கையில் மருந்துச் சீட்டுடன் தனித்து நின்றார். வேட்டியைக் கண்டதும் தமிழர் என அறிந்து அணுகினோம். மகனின் சிகிச்சைக்காக இராமநாதபுரத்திலிருந்து வந்தவர். இந்தி ஒரு சொல்லும் அறியார். எந்த மாடத்தில் மருந்து வாங்குவதென்று கேட்க வழியின்றி ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். நாம் உடன் சென்று வாங்கிக் கொடுத்தது பத்து நிமிட வேலை. அவர் நம் கைகளைப் பற்றிக்கொண்டு விடவேயில்லை.

நம் சங்கம் ஆண்டுதோறும் நாடகமும் பட்டிமன்றமும் நடத்துகிறது, நன்று. தலைநகரின் மருத்துவமனைகளுக்கு நோயோடு வரும் தமிழ் மக்களுக்கு வாரத்தில் இரண்டு மாலைகள், முறை வைத்துக்கொண்டு இருவர் இருவராக, உடன் சென்று பேசித் துணைபுரியும் ஒரு குழுவை இவ்வாண்டு அமைத்தால் என்ன? இதற்கு நிதி வேண்டா. இந்நாட்டில் இருந்து நாம் கற்ற இந்தி போதும். இங்குள்ள கோதுமையை உண்டு வளர்ந்த நம் பிள்ளைகளும் இதில் பங்கு கொள்ளலாம். முதல் இரண்டு மாலைகளுக்கு நம் பெயரை எழுதிக்கொள்ளும்படி செயலாளர் அவர்களை இம்மலரின் வாயிலாகவே கேட்டுக்கொள்கிறோம்.

வாழ்க நம் சங்கம்! வளர்க அதன் தொண்டு!